மெல்லேட்டில் விளையும் வண்ணங்கள்

நுழையும்முன்

நிறமற்ற இரு பொருள்கள் சேருமிடத்தில் வானவில் விரிவதுண்டு. அந்த வண்ணங்களின் காரணத்தைத் தேடிய அறிவு, இன்று கண்ணொளி காக்கும் கருவியாகவும் வளர்ந்துள்ளது. அவ்வளர்ச்சியை இப்பாடம் விளக்குகிறது.

ஈரத்தரையில் வானவில்

மழை பெய்து ஓய்ந்தபின் மதுரை மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்தின் ஈரத்தரையில், ஊர்திகள் சிந்திய எண்ணெய் நீலமும் பச்சையும் செம்மையுமாக மின்னும். எண்ணெய்க்கும் நீருக்கும் அந்நிறங்கள் இல்லை. நீரின்மேல் பரவிய எண்ணெய் மெல்லேட்டில் விழும் ஒளியின் ஒரு பகுதி மேற்பரப்பிலேயே எதிரொளிக்கும். மற்றொரு பகுதி உட்புகுந்து அடிப்பரப்பில் எதிரொளித்து வெளிவரும். இவ்விரு அலைகளும் சந்திக்கையில் முகடும் முகடும் இணைந்தால் ஒளி பெருகும். முகடும் அகடும் இணைந்தால் ஒளி மங்கும். இதுவே குறுக்கீட்டு விளைவு. ஏட்டின் தடிமனுக்கேற்பப் பெருகும் அலைநீளம் மாறுவதால் இடத்திற்கிடம் நிறமும் மாறுகிறது.

கருமையின் காரணம்

சோப்புக் குமிழின் மேற்பகுதி உடையும் தறுவாயில் கருமையாகத் தோன்றும். காற்றிலிருந்து வரும் ஒளி, அடர்மிகு ஏட்டின் மேற்பரப்பில் எதிரொளிக்கும்போது முகடு அகடாகிறது. உட்பரப்பில் அம்மாற்றம் நிகழ்வதில்லை. ஏடு மிக மெலிந்ததும் இரு அலைகளும் ஒன்றையொன்று அழிக்கின்றன.

மெல்லேடுகளின் வண்ணங்களை இராபர்ட் ஹூக் 1665இல் பதிவு செய்தார். நியூட்டன் ஏட்டின் தடிமனோடு அவற்றைத் தொடர்புபடுத்தி அளந்தார். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தாமஸ் யங் அலைக்கொள்கையால் காரணம் கூறினார்.

கண்ணொளி காக்கும் ஒளி

பூச்சற்ற கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் ஏறத்தாழ 4 விழுக்காடு ஒளியை எதிரொளித்து வீணாக்கும். ஏறக்குறைய 100 நானோமீட்டர் தடிமனுள்ள மெக்னீசியம் புளூரைடு பூச்சு, குறுக்கீட்டின் வழியே அவ்விழப்பைக் குறைக்கிறது.

1976இல் மருத்துவர் கோ. வெங்கடசாமி மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை போன்ற இடங்களில் ஓசிடி என்னும் கருவி பயன்படுகிறது. விழித்திரையின் அடுக்குகளில் எதிரொளித்த ஒளியும், கருவியின் ஆடியில் எதிரொளித்த ஒளியும் குறுக்கிடுவதைக் கொண்டு அது அடுக்குகளின் தடிமனை அளக்கிறது. நீரிழிவால் விழித்திரையில் நீர் கோத்து வீங்கினால், கண்ணைத் தொடாமலே அதனை அறியலாம். பார்வை பறிபோகுமுன் மருத்துவம் தொடங்கலாம். தெருவில் கண்டு கடந்துபோகும் வண்ணத்திற்கும் ஒருவரின் பார்வையைக் காப்பதற்கும் அடிப்படை ஒன்றே.

தெரிந்து தெளிவோம்

மயில் தோகையின் நிறமி கரும்பழுப்பே. நுண்ணிய அடுக்கமைப்பில் நிகழும் குறுக்கீடே அதன் நீலத்தையும் பச்சையையும் தருகிறது.

கற்பவை கற்றபின்

1. சோப்புக் குமிழொன்றை உற்றுநோக்கி, அதன் நிறமாற்றங்களை வரிசைப்படுத்தி எழுதுக.
2. 'சாயமின்றித் தோன்றும் நிறங்கள்' என்னும் தலைப்பில் வகுப்பறையில் உரையாற்றுக.