பர்கூர் மலையில் இரண்டு சின்னக் கார்கள்

பழைய மைசூர் மாவட்டத்து ராமாபுரத்தில் வண்டியை எடுத்தால், கர்கேகண்டி தாண்டியதும் தமிழ்நாடு. அங்கிருந்து பர்கூர் மலையைச் சுற்றிச் சுற்றி இறங்கினால் அந்தியூர். ஆடியில் குருநாதசாமி கோயில் சந்தைக்குப் போகிறவர்களுக்குப் பழகிய வழி. மாருதி 800-ஐ இங்கே ஏற்றி இறக்கியவர் புதிய ஆல்டோ கே10-இல் உட்கார்ந்தால், முதலில் தடுமாறுவது கையும் காலும்தான்.

1983 டிசம்பரில் வந்த 800, 2014 ஜனவரியில் உற்பத்தி நிற்கும்வரை அதே 796 சிசி, மூன்று சிலிண்டர் எஞ்சினைத்தான் சுமந்தது. கார்புரேட்டர் வைத்த பழைய வண்டிகளில் நாற்பதுக்கும் குறைவான குதிரைத்திறன், நான்கு கியர். 2022-இல் வந்த கே10-இல் 998 சிசி, ஏறக்குறைய 66 குதிரைத்திறன், ஐந்து கியர். நீளம் மட்டும் 20 சென்டிமீட்டர்தான் கூடுதல்.

ஏற்றத்தில் பழைய வண்டிக்காரருக்கு ஒரு சடங்கு உண்டு: ஏசியை அணை, செகண்டுக்கு மாற்று, வளைவுக்கு முன்பே வேகம் சேர். வெயிலில் பெட்ரோல் பம்ப் சூடேறி ஆவி அடைத்துக்கொண்டால், ஈரத்துணியைச் சுற்றிவிட்டு ஓரமாக நிற்க வேண்டியதுதான். புதிய வண்டியில் மின்பம்ப் டேங்குக்குள்ளேயே இருக்கிறது. துணிக்கும் வேலையில்லை, காலையில் இழுக்கச் சோக்கும் இல்லை.

மறக்க வேண்டிய பாடம் இறக்கத்தில் இருக்கிறது. சக்கரம் பூட்டிக்கொள்ளக் கூடாதென்று பழைய வண்டியில் பிரேக்கை விட்டு விட்டு மிதிப்பார்கள். ஏபிஎஸ் உள்ள வண்டியில் அது தப்பு. அவசரமென்றால் ஒரே அழுத்தாக அழுத்திப் பிடிக்க வேண்டும். பெடல் காலடியில் தடதடவென்று அதிரும்; பயந்து காலை எடுக்கக் கூடாது. செகண்ட் கியரில் எஞ்சினே வண்டியைப் பிடிக்க விட்டு இறங்குவது மட்டும் இரண்டுக்கும் பொது. பிரேக் சூடேறினால் புதியது பழையது என்று பார்ப்பதில்லை.

அடுத்தது ஸ்டியரிங். தோள்வலிக்க ஒடித்த கை, பவர் ஸ்டியரிங்கையும் அதே பலத்தோடு திருப்பிவிடும். முதல் பத்து வளைவுகளை மெதுவாகக் கடப்பது நல்லது.

பார்வையில் ஜெயிப்பது பழைய வண்டி. அதன் முன்கண்ணாடித் தூண்கள் மெலிந்தவை. உறுதிக்காகத் தடித்துப்போன இன்றைய தூண், வலப்பக்க வளைவில் ஒரு பர்கூர் மாட்டையே மறைத்துவிடும். செம்மை நிறத்தில் வெள்ளைத் திட்டுகளோடு அது நடுச்சாலையில் நிற்கையில், தலையை முன்னே சாய்த்துப் பார்த்தால்தான் தெரியும்.

பழையதை விற்க மனமில்லாதவர் கணக்கும் பார்க்க வேண்டும். 15 ஆண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்குப் பழைய ரப்பர் குழாய்கள் தாங்காமல் போகலாம். மெக்கானிக்கிடம் காட்டி மாற்றிவிடுவது உத்தமம். காலையில் ஷெட்டைத் திறந்ததும் பெட்ரோல் வாடை அடித்தால், அன்று மலை ஏற வேண்டாம்.