தோப்புக் காவல் நாயும் கனிவர்க்கங்களும்

மாந்தோப்பு, கொய்யாத் தோட்டம், திராட்சைப் பந்தல் முதலியவற்றிற்கு நாய் சிறந்த காவலாகும். ராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை ஆகிய நம் நாட்டு ஜாதி நாய்களை இதன்பொருட்டு வளர்ப்போர் பலர். கனி உதிரும் காலத்தில் மரத்தடியிற் கிடக்கும் நாய் உதிர்ந்தவற்றைத் தின்னுவது இயல்பு. இதனால் தீங்கு நேருமோ என்பது குடியானவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி. பெரும்பாலான பழங்களின் கனிந்த சதையால் கெடுதியில்லை. கொட்டை, திராட்சை, புளி ஆகிய மூன்றுமே நாயின் உயிருக்கு அபாயம் விளைவிப்பவை.

பழம் அவசியமா?

நாய் மாமிசம் உண்ணும் இனத்தைச் சேர்ந்ததாயினும், மனிதனோடு நெடுங்காலம் வாழ்ந்து மாவுப் பொருளையும் செரிக்கும் சக்தி பெற்றிருக்கிறது. இச்சக்தி ஓநாயைக் காட்டிலும் நாய்க்கு மிகுதி என்பது 2013ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சியால் விளங்கிற்று. எனினும் பழம் அதற்கு இன்றியமையாத உணவன்று. மனிதன் பழத்தினின்று பெறும் ‘சி’ வைட்டமினை நாய் தன் ஈரலிலேயே உண்டாக்கிக் கொள்ளுகிறது. ஆகையால் பழம் கொடுப்பதாயின் அது அன்றாட உணவில் பத்தில் ஒரு பங்குக்கு மேற்படலாகாது. மிகுந்தால் வயிற்றுப்போக்கு உண்டாகும்.

கொடுக்கத்தக்கவை

தோலும் கொட்டையும் நீக்கிய மாம்பழம், தோலுரித்த வாழைப்பழம், விதை நீக்கிய பப்பாளி, கனிந்த கொய்யா, நடுத்தண்டு நீக்கிய அன்னாசி ஆகியவற்றைச் சிறு துண்டுகளாகக் கொடுக்கலாம். அழுகிப் புளித்த பழமும், பூச்சி மருந்து தெளித்த மரத்தின் பழமும் உதவா.

கொட்டையால் நேரும் கேடு

சதை ஒட்டிய மாங்கொட்டை வழுக்குந் தன்மையுடையது. நாய் அதைக் கடித்து விளையாடுகையில் விழுங்கிவிடுவதுண்டு. அது குடலிற் சிக்கினால் வாந்தி, உணவில் வெறுப்பு, மலச்சிக்கல், வயிற்றுவலி ஆகியவை காணும். இவற்றைக் கோடை வெப்பத்தின் குணமென்று எண்ணிக் காலங்கடத்துவது பெருந்தவறு. எண்ணெய் புகட்டுவதும் ஆகாது. அது மூச்சுக்குழலிற் புகுந்து வேறு கேடு செய்யும். சிக்கிய கொட்டையைப் பெரும்பாலும் ரண சிகிச்சையால்தான் எடுக்கவேண்டும். சீத்தாப்பழத்தின் விதையோ பூச்சிகளைக் கொல்லும் விஷமுடையது. அதை மென்று தின்ன விடலாகாது.

திராட்சையும் புளியும்

திராட்சையும் உலர்ந்த திராட்சையும் தின்ற நாய்களுக்குச் சிறுநீரகம் கெடுவதை அமெரிக்க விலங்கு மருத்துவர்கள் 2001ஆம் ஆண்டில் எடுத்துக் காட்டினர். காரணம் நெடுநாள் விளங்கவில்லை. திராட்சையிலுள்ள டார்ட்டாரிக் அமிலமே காரணமாயிருக்கலாம் என்ற கருத்து 2021ஆம் ஆண்டில் வெளிவந்தது. புளி தின்ற நாய்களுக்கும் அதே கேடு நேர்ந்தமை இதற்கு ஆதரவாயிற்று. புளியின் சதையில் இவ்வமிலம் நூற்றுக்கு 8 முதல் 18 பங்கு வரை உண்டு. திராட்சையில் இருப்பதினும் இது பன்மடங்கு அதிகம்.

ரசமும் குழம்பும் கலந்த சோற்றை நாய்கள் தலைமுறை தலைமுறையாக உண்ணவில்லையா என்று சிலர் கேட்கலாம். அச்சோற்றில் அமிலம் நீரிற் கரைந்து குறைவாக இருக்கும். களத்திற் குவித்த புளியைத் தின்னுவது அத்தகையதன்று. மேலும், எவ்வளவு தாங்கும் என்பது நாய்க்கு நாய் வேறுபடும். ஆகையால் புளி சேர்ந்த உணவையும் தவிர்த்து, வெறுஞ்சோறு, கேழ்வரகுக் கூழ், வேகவைத்த முட்டை முதலியவற்றைக் கொடுப்பதே நலம்.

தின்ற சில மணி நேரத்தில் வாந்தியும், பின்னர் சோர்வும் காணும். ஓரிரு நாட்களில் சிறுநீர் குறைந்து நின்றுவிடுமாயின் பிழைப்பது அரிது.

கவனிக்க வேண்டியவை

1. மாங்கொட்டைகளை அவ்வப்போது பொறுக்கி எருக்குழியில் புதைத்து மூடவேண்டும்.

2. மாசி, பங்குனி மாதங்களில் புளி உலர்த்தும் களத்திலும், திராட்சைப் பந்தலின் கீழும் நாயை அவிழ்த்து விடலாகாது. காவலுக்கு வேலியின் புறத்தே கட்டலாம்.

3. திராட்சையோ புளியோ தின்றது தெரிந்தால், நோய்க்குறி தோன்றும்வரை காத்திராமல் உடனே மிருக வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும். முதல் இரண்டு மணி நேரத்திற்குள் அவர் வாந்தி எடுப்பித்தால் பெரும் பயன் உண்டு.

4. உப்புநீர் புகட்டி வாந்தி எடுக்கச் செய்வது கூடாது, அவ்வுப்பே விஷமாகும்.

5. தின்ற பொருள், அளவு, நேரம் ஆகிய மூன்றையும் வைத்தியரிடம் தவறாமல் சொல்லவேண்டும்.

சாலையோரப் புளியமரங்களின் மகசூலைக் குத்தகைக்கு விடும் ஊர்களில், கிராம அதிகாரிகள் குத்தகைதாரர்களுக்கு இவ்விஷயத்தை அறிவிப்பார்களாயின் பல நாய்கள் பிழைக்கும். நன்கு பழகிய காவல் நாயொன்றை ஆளாக்கப் பல மாதங்கள் வேண்டும். அதை இழக்க ஒரு மாங்கொட்டை போதும்.