பள்ளி இடைவேளையும் குழந்தைகளின் பாதுகாப்பும்

பள்ளிக் குழந்தைகள் அனைவரும் ஒரே நேரத்தில் வகுப்பறைக்கு வெளியே இருப்பது இடைவேளையின்போதுதான். ஆசிரியர்கள் சற்று ஓய்வு கொள்ளும் நேரமும் அதுவே. எனவே விளையாட்டுத் திடலின் பாதுகாப்பு தனிக் கவனத்திற்குரியதாகும்.

சட்டமும் நடைமுறையும்

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஒவ்வொரு பள்ளிக்கும் விளையாட்டுத் திடலும், சுற்றுச்சுவர் அல்லது வேலியும் தேவை என விதிக்கிறது. இவை ஒருமுறை செய்யப்படும் மூலதனச் செலவுகள். அறிக்கைகளில் எளிதாக இடம் பெறுகின்றன. ஊஞ்சலின் துருப்பிடித்த சங்கிலி, சறுக்குமரத்தின் கீழுள்ள கட்டாந்தரை, மூடப்படாத வடிகால் ஆகியவை எந்தப் பட்டியலிலும் இடம் பெறாது போகக்கூடும். இவற்றை நீக்குவதற்குத் தொடர்ந்த பராமரிப்பும் கண்காணிப்பும் இன்றியமையாதவை.

அதே அட்டவணைப்படி, 60 குழந்தைகள் வரை பயிலும் தொடக்கப் பள்ளிக்கு இரு ஆசிரியர்கள். நண்பகலில் ஒருவர் உணவு வழங்குவதை மேற்பார்வையிட்டால், திடலுக்கு எஞ்சுபவர் ஒருவரே. அவரும் பதிவேடு எழுத அமர்ந்துவிட்டால் குழந்தைகளைக் கவனிக்க எவருமில்லை.

செய்யத்தக்கவை

ஆசிரியர்களுக்கு முறைவைத்துத் திடல் பொறுப்பை வழங்கலாம். அந்த நேரத்தில் வேறு பணி தரலாகாது. பெரிய பள்ளிகளில் வகுப்புவாரியாக இடைவேளை நேரத்தை மாற்றியமைக்கலாம். சிறு குழந்தைகளுக்குத் தனி இடம் ஒதுக்குவது நன்று. விளையாட்டுச் சாதனங்களின் கீழ் மணல் பரப்பினால், விழும்போது ஏற்படும் காயத்தின் கடுமை குறையும். காலைதோறும் திடலைச் சுற்றிப் பார்த்துக் கண்ணாடித் துண்டு, ஆணி முதலியவற்றை அகற்ற வேண்டும். சிறு காயமாயினும் இடம், நேரம், காரணம் ஆகியவற்றைப் பதிவு செய்தால், விபத்து மீண்டும் மீண்டும் நேரும் இடம் புலப்படும்.

பெற்றோரின் பங்கு

பள்ளி மேலாண்மைக் குழுவின் உறுப்பினருள் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர் அல்லது பாதுகாவலர். மொத்த உறுப்பினரில் பாதிப் பேர் பெண்கள். பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிப்பது இக்குழுவே. திடல் பராமரிப்பை அத்திட்டத்தில் சேர்ப்பதும், காயப் பதிவேட்டைக் கூட்டந்தோறும் ஆய்வதும் அதன் கடமையாகக் கொள்ளத்தக்கவை.

விபத்து நேர்ந்தவுடன் விளையாட்டையே தடை செய்வது தீர்வாகாது. ஓடியாடும் உரிமையை இழப்பது குழந்தைகளே; பழுதடைந்த ஊஞ்சலோ அப்படியே நிற்கும். ஆய்வுக்குச் செல்லும் அலுவலர்கள், திடல் உள்ளதா என்பதோடு, இடைவேளையில் அங்கு யார் பொறுப்பில் இருக்கிறார் என்பதையும் கேட்டுப் பதிவு செய்தல் வேண்டும்.