குழந்தையின் உயரம்: நகரமா, கிராமமா, வீடா?



குழந்தை வளர்ப்பைப் பற்றி எழுத இவர் யார் என்று சிலர் கேட்கலாம். நான் டாக்டர் அல்ல. டிப்ளமா படித்து, இரயில்வேயில் இருப்புப்பாதைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அளப்பதுதான் என் தொழில். அகலப்பாதையில் இரண்டு தண்டவாளங்களுக்கும் உள்ள இடைவெளி 1676 மில்லிமீட்டர். கண்ணுக்குச் சரியாகத் தெரியும் பாதை, கேஜ் வைத்துப் பார்த்தால் விலகியிருக்கும். அளக்காமல் "சரி" என்று எழுதக் கூடாது என்பது நாங்கள் கற்ற முதல் பாடம். அதை என் சொந்த வீட்டில் மறந்துவிட்டேன். அதனால்தான் இந்தக் கட்டுரை.

கோபாலபுரத்தில் எங்கள் தென்னந்தோப்பைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தில் ஒரு பெண் குழந்தை. கோவையில் அடுக்குமாடி வீட்டில் என் மகள் வயிற்றுப் பேத்தி. இருவரும் ஒரே மாதத்தில் பிறந்தவர்கள். பேத்திக்கு ஒன்றரை வயதானபோதே என் மனைவி, "பிள்ளைக்கு வளர்த்தி பத்தலைங்க" என்றாள். "நம்ம வீட்டில் யார் நெட்டை? டவுனில் வளர்கிற பிள்ளைக்கு என்ன குறை?" என்று அவள் வாயை அடைத்தேன். இரண்டு வயது நிறைந்து ஊருக்கு வந்தபோது இரண்டு குழந்தைகளையும் கதவு நிலையில் சாய்த்து நிறுத்திப் பென்சிலால் கோடு போட்டேன். தோப்புக்காரர் மகள் 83 சென்டிமீட்டர். என் பேத்தி 78.

மூன்று அளவுகள்

ஊட்டக்குறைவை மூன்று விதமாக அளக்கிறார்கள். வயதுக்கு ஏற்ற உயரம் இல்லாதது ஒன்று. இது பல மாதங்களாகச் சேர்ந்த குறையைக் காட்டும். உயரத்துக்கு ஏற்ற எடை இல்லாதது இரண்டாவது; இது அண்மையில் வந்த பட்டினியையோ நோயையோ காட்டும். வயதுக்கு ஏற்ற எடை இல்லாதது மூன்றாவது. இதில் முன்னிரண்டும் கலந்திருக்கும்.

உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட அளவின்படி, இரண்டு வயதுப் பெண் குழந்தையின் நடுத்தர உயரம் 85.7 சென்டிமீட்டர். 79.3க்குக் கீழே போனால் வளர்ச்சி குன்றியது என்று கணக்கு. ஆண் குழந்தைக்கு இவை 87.1, 81.0.

"அது வெள்ளைக்காரன் அளவு" என்று சொல்ல வேண்டாம். இந்தியா, பிரேசில், கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில், தாய்ப்பாலும் நல்ல உணவும் சுகாதாரமும் கிடைத்த குழந்தைகளை அளந்து செய்தது அது. நம் டில்லிக் குழந்தைகளும் அதில் உண்டு. ஐந்து வயது வரை ஆறு நாட்டுக் குழந்தைகளும் ஏறக்குறைய ஒரே உயரம் வளர்ந்தார்கள். "நம்ம வம்சமே குட்டை" என்ற என் வாதம் அங்கேயே விழுந்துவிட்டது.

நகரமும் கிராமமும்

ஒரு வீட்டுக் கதையை வைத்து நாட்டைக் கணிக்கக் கூடாது. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வைப் பார்ப்போம். ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் உயரம் குன்றியவர்கள் கிராமங்களில் நூற்றுக்கு 37.3, நகரங்களில் 30.1. உயரத்துக்கேற்ற எடை இல்லாதவர்கள் கிராமத்தில் 19.5, நகரத்தில் 18.5.

உயரத்தில் ஏழு புள்ளி வித்தியாசம். சுத்தமான குடிநீர், கழிப்பறை, பக்கத்தில் ஆஸ்பத்திரி, தாயின் படிப்பு, இவையெல்லாம் நகரத்தில் கூடுதலாக இருப்பதால் வந்தது. ஆனால் மெலிவில் ஒரு புள்ளிதான் வித்தியாசம். அதாவது, நகரத்துக் குழந்தையையும் வயிற்றுப்போக்கும் அரைவயிறும் கிராமத்துக் குழந்தையைப் போலவே பிடிக்கின்றன.

அதே ஆய்வில் இன்னொரு கணக்கு. மிக ஏழ்மையான ஐந்தில் ஒரு பங்கு வீடுகளில் உயரம் குன்றியவர்கள் நூற்றுக்கு 46. மிக வசதியான ஐந்தில் ஒரு பங்கு வீடுகளில் 23. நகரம், கிராமம் என்ற வித்தியாசத்தைப் போல இது மூன்று மடங்கு. வசதியான வீட்டிலும் 23 என்பதைக் கவனியுங்கள். அந்த 23இல் ஒன்று என் பேத்தி.

சராசரிக்குள் மறைவது

எல்லையின் இரு பக்கமும் உறவுள்ளவர்கள் நாம். தமிழ்நாட்டில் உயரம் குன்றியவர்கள் 2015–16இல் நூற்றுக்கு 27.1, 2019–21இல் 25. கேரளத்தில் 19.7ஆக இருந்தது 23.4ஆக ஏறியது. கல்வியில் முதலிடம் என்று நாம் பெருமைப்படும் மாநிலத்தில் இது ஏறியிருக்கிறது.

இதே பாலக்காடு மாவட்டத்தில்தான் அட்டப்பாடி இருக்கிறது. இருளர், முடுகர், குறும்பர் ஊர்களில் கைக்குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தது 2013இல் நாடு முழுவதும் செய்தியானது. தாய்மார்களுக்கு இரத்தசோகை, குழந்தைகள் எடை குறைந்து பிறந்தன. நிலம் கைவிட்டுப் போய், ராகியும் சாமையும் விளைந்த கொல்லைகள் குறைந்துபோனதும் ஒரு காரணம். அதன் பிறகு ஊர்தோறும் சமுதாயச் சமையற்கூடங்கள் தொடங்கப்பட்டன. மாநிலச் சராசரியை மட்டும் பார்ப்பவர் கண்ணில் அட்டப்பாடி படாது. பத்து கிலோமீட்டர் பாதையில் ஒரே இடத்தில் விரிசல் இருந்தாலும் வண்டி கவிழும்.

தட்டில் என்ன இருக்கிறது?

ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரை உள்ள குழந்தைகளில் போதிய அளவும் வகையும் கொண்ட உணவு பெறுபவர்கள் இந்தியாவில் நூற்றுக்குப் 11 பேர்தான். நகரம், கிராமம் இரண்டிலும் பெரிய வித்தியாசமில்லை.

என் பேத்தியின் உணவு என்ன என்று விசாரித்தேன். ஒரு நாளைக்கு நான்கு புட்டிப் பால், இடையிடையே பிஸ்கட். பால் வயிற்றை நிரப்பிவிடும். அதில் இரும்புச்சத்து மிகக் குறைவு. சோற்றுக்குப் பசி இராது. மகளைக் குறை சொல்ல மாட்டேன். இருவரும் வேலைக்குப் போகிற வீடு. பிள்ளை அழாமல் இருந்தால் போதும் என்ற நிலை. தோப்புக்காரர் வீட்டிலோ, பாட்டி இடுப்பில் வைத்துக்கொண்டு பருப்பும் முருங்கைக்கீரையும் பிசைந்த சோற்றை நாளுக்கு நான்கு முறை ஊட்டுகிறார். அங்கன்வாடியில் கொடுக்கும் அமிர்தம் பொடியும் வீணாவதில்லை. கோதுமை, கடலைப்பருப்பு, சோயா, நிலக்கடலை, சர்க்கரை சேர்த்துக் குடும்பஸ்ரீ பெண்கள் தயாரிப்பது அது.

செய்ய வேண்டியவை

1. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். பிறகு இரண்டு வயது வரை தாய்ப்பாலோடு மற்ற உணவும்.

2. கரண்டியைச் சாய்த்தால் ஓடாத கெட்டிப் பதம். ஒரு சிறு கரண்டி எண்ணெய் அல்லது நெய்.

3. ஒன்பது மாதத்துக்குப் பின் நாளுக்கு மூன்று, நான்கு வேளை. முட்டை, பருப்பு, கீரை, பழம் மாறி மாறி வரட்டும்.

4. காய்ச்சல், வயிற்றுப்போக்கு விட்டபின் சில நாட்கள் ஒரு வேளை கூடுதலாக.

5. மாதம் ஒருமுறை எடை. அங்கன்வாடி நம் வரிப்பணத்தில் 1975 முதல் நடப்பது. அங்கே போக வெட்கம் வேண்டாம்.

வீட்டுப் பயிற்சி

இந்த வாரம் உங்கள் வீட்டுக் குழந்தையையும், உங்கள் வீட்டில் வேலை செய்பவரின் குழந்தையையும் அளந்து பாருங்கள். இரண்டு வயது வரை படுக்கவைத்து, அதற்கு மேல் செருப்பில்லாமல் நிற்கவைத்து அளக்க வேண்டும். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை, மேல்கையின் நடுச்சுற்றளவு 12.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். 11.5க்குக் குறைந்தால் அன்றைக்கே கொண்டுபோங்கள்.

பேத்திக்கு இப்போது நான்கு வயது. உணவை மாற்றிய பின் ஓரளவு எட்டிப் பிடித்திருக்கிறாள், முழுவதும் இல்லை. முதல் இரண்டு ஆண்டுகளில் விட்ட உயரம் முழுதாகத் திரும்புவது அரிது. என் மனைவி சொன்னபோதே அளந்திருந்தால் ஆறு மாதம் கையில் இருந்திருக்கும். கதவு நிலையில் அந்த இரண்டு கோடுகளையும் நான் இன்னும் அழிக்கவில்லை.