ஊர் திரும்பினாலும் மருந்து நிற்கக்கூடாது: நீரிழிவு உள்ள குடும்பங்களுக்கு

முகாமிலோ உறவினர் வீட்டிலோ இருந்தபோது கிளினிக் பக்கத்தில் இருந்திருக்கும். சொந்தக் காணிக்குத் திரும்பியதும் கூரை, கிணறு, வேலி என்று வேலைகள் குவிகின்றன. குளிசை முடிந்தாலும் "அடுத்த கிழமை போவோம்" என்று தள்ளிப்போடுகிறோம். நீரிழிவு (சலரோகம், சீனி வருத்தம்) நோவு காட்டாமலேயே கண், சிறுநீரகம், இதயம், பாதம் ஆகியவற்றைப் பாதிக்கும். நோவு இல்லை என்பதற்காக மருந்தை நிறுத்தாதீர்கள்.

முதல் வாரத்தில் செய்யவேண்டியவை

1. மருந்து முடியும் முன்பே அருகிலுள்ள அரச வைத்தியசாலையில் பதியுங்கள். கிளினிக்கும் மருந்தும் அங்கு இலவசம்.
2. கிளினிக் கொப்பியைப் பொலித்தீன் பையில் இட்டு, அடையாள அட்டையுடன் வையுங்கள்.
3. கொப்பி தொலைந்திருந்தால் மருந்து உறை அல்லது வெறும் குளிசை அட்டையைக் கொண்டுபோங்கள். அதுவும் இல்லாவிட்டாலும் போங்கள். வைத்தியர் பரிசோதித்து மீண்டும் மருந்து எழுதுவார்.
4. அயலவரின் குளிசையை வாங்கிப் போடாதீர்கள். ஒருவருக்குரிய அளவு மற்றவருக்கு ஆபத்தாகலாம்.

வெறுவயிற்று இரத்தப் பரிசோதனைக்கு முன் 8 மணித்தியாலம் தண்ணீர் தவிர வேறெதுவும் எடுக்கக்கூடாது. தூரத்திலிருந்து வருபவர்கள் சாப்பாட்டையும் காலை மருந்தையும் கையோடு கொண்டுவந்து, இரத்தம் கொடுத்தபின் எடுங்கள்.

இன்சுலின் போடுபவர்கள்

மின்சாரம் இல்லாத வீட்டில் இரண்டு மண்பானைகள் போதும். பெரிய பானைக்குள் ஈரமணல் இட்டு அதில் சிறிய பானையை வையுங்கள். தண்ணீர் படாதபடி பையில் இட்ட இன்சுலினை அதற்குள் வைத்து, ஈரத்துணியால் மூடி நிழலில் வையுங்கள். மணலைத் தினமும் நனையுங்கள்.

சாப்பாடு

தனிச் சமையல் தேவையில்லை. கோப்பையில் பாதி கீரை, மரக்கறி, கால்பங்கு சோறு, மீதிக் கால்பங்கு பருப்பு, மீன், முட்டை அல்லது சோயாமீற். முருங்கையிலை, வல்லாரை, பொன்னாங்காணி வளவிலேயே கிடைக்கும். நிவாரணமாகக் கிடைக்கும் பருப்பை நன்றாகப் பயன்படுத்துங்கள், சீனியைக் குறையுங்கள்.

குரக்கன் பிட்டு நல்லது, ஆனால் அதற்கும் அளவு வேண்டும். பனங்கட்டியும் இனிப்புத்தான், தேத்தண்ணியுடன் அடிக்கடி கடித்தால் சீனி கூடும். பாவற்காய்ச் சாறு குளிசைக்கு ஈடாகாது.

காணி வேலையின்போது

இன்சுலினோ சில குளிசைகளோ எடுப்பவர்கள் சாப்பிடாமல் வெயிலில் மண்வெட்டி பிடித்தால் சீனி மிகவும் குறைந்துவிடலாம். வியர்வை, நடுக்கம், கடும் பசி, தடுமாற்றம் ஆகியவை அதன் அடையாளங்கள். உடனே 3 தேக்கரண்டி சீனியை அரைக் குவளை தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிடத்தில் குறையாவிட்டால் மீண்டும் குடியுங்கள். பின்னர் சாப்பிடுங்கள். மயங்கியவரின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். பக்கவாட்டில் படுக்கவைத்து வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். வேலைக்குப் போகும்போது சிறு பொதி சீனி மடியில் இருக்கட்டும்.

பாதம்

நீண்டகாலம் நீரிழிவு உள்ளவரின் பாதம் மரத்துப்போகலாம். முள்ளோ கண்ணாடித்துண்டோ ஏறினாலும் தெரியாது. அந்தக் காயம் பழுத்துக் காலையே அகற்றவேண்டிய நிலை வரலாம். வளவு துப்புரவாக்கும்போது மூடிய சப்பாத்து அணியுங்கள். போடுமுன் உள்ளே தட்டிப் பாருங்கள். இரவில் பாதத்தைக் கழுவி, விரலிடுக்கைத் துடைத்து, விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். கண்பார்வை குறைந்த பெரியவர்களுக்குப் பிள்ளைகள் பார்த்துவிடுங்கள். காயத்துக்குச் சாம்பல், பச்சிலை வைக்காதீர்கள். சுத்தமான நீரில் கழுவி, துணியால் மூடி, மறுநாளுக்குள் வைத்தியரிடம் காட்டுங்கள்.

தாமதிக்காமல் வைத்தியசாலைக்குச் செல்லவேண்டிய நிலைகள்

• பாதம் சிவத்தல், சீழ், கருமை
• ஓயாத வாந்தி, அளவுக்கு மீறிய தாகம், தூக்கக்கலக்கம்
• நெஞ்சுநோவு, மூச்சுத்திணறல்
• திடீரென ஒருபக்கம் வலுவிழத்தல், பேச்சுக் குழறல்

அடுத்த கிளினிக் திகதியை வீட்டுக் கலண்டரில் குறித்துவையுங்கள். அன்றைய வேலையை மறுநாள் பார்க்கலாம்.