மேலாடை மாற்றிய நுண்ணுயிர்

ஊரணி நீர் கண்ணுக்குத் தெளிந்து தோன்றலாம். ஆயினும், தெளிந்தவை யாவும் தூயன ஆகா. புதுக்கோட்டை மாவட்டத்து வல்லத்திராக்கோட்டை போன்ற சிற்றூராயினும், சென்னை போன்ற பெருநகராயினும், மாசுற்ற நீர்வழிப் பரவும் நோய்களுள் காலரா மிகக் கொடியது.

1992ஆம் ஆண்டில் சென்னை, மதுரை, வேலூர் ஆகிய நகரங்களில் காலராவை ஒத்த கடும்பேதி பரவியது. நோயாளரிடம் காணப்பெற்ற கிருமி பழைய காலராக் கிருமியைப் போலவே இருந்தது. எனினும், பழைய ‘ஓ-1’ வகையை இனங்காட்டும் ஊநீர் அதனோடு பொருந்தவில்லை. அதுகாறும் அறியப்பட்டிருந்த 138 வகைகளுள் எதனோடும் அது ஒத்துவராமையின், ‘ஓ-139’ எனப் பெயர் பெற்றது. பழைய வகையை எதிர்க்கும் ஆற்றல் பெற்றிருந்த முதியோரும் இதற்கு இரையாயினர். இதன் காரணம் யாது?

காலராக் கிருமியின் புறத்தே லிப்போபாலிசாக்கரைடு என்னும் பொருள் உண்டு. கொழுப்புப் பகுதி கிருமியின் உறையில் பதிந்திருக்க, சர்க்கரைச் சங்கிலி வெளியே நீண்டிருக்கும். நம் உடல் பகைவனை அறிவது பெரும்பாலும் இச்சங்கிலியைக் கொண்டேயாம்.

இச்சங்கிலிகளின் நீளத்தை அறிய ஜெல் எலக்ட்ரோபோரெசிஸ் என்னும் முறை உதவுகிறது. முதற்கண் கிருமியைச் சிதைத்து, அதன் புரதங்களை நொதியால் அழிப்பர். எஞ்சியதைச் சோப்பினை ஒத்த ஒரு பொருளுடன் கலந்து, நுண்துளைகள் நிறைந்த ஜெல் பலகையின் மேற்புறக் குழியில் இட்டு, மின்சாரம் செலுத்துவர். எதிர்மின்னேற்றம் உடைய மூலக்கூறுகள் நேர்முனையை நோக்கி நகரும். திருவிழாக் கூட்டத்தில் சிறுவன் எளிதில் நுழைந்து முன்னேறுவான். தலைச்சுமை உடையோன் பின்தங்குவான். அவ்வாறே, குறுகியவை விரைந்து கீழே இறங்கும். நீண்டவை மேலே தங்கும். பின்னர் வெள்ளி உப்பினால் சாயமேற்ற, அவை நின்ற இடங்கள் கரும்பட்டைகளாகப் புலப்படும்.

‘ஓ-1’ வகையின் நீண்ட சங்கிலிகள் பலகையின் மேற்பகுதியிலும் பட்டைகளைக் காட்டின. ‘ஓ-139’ வகையிலோ அவை இல்லை. குறுகிய சங்கிலிகளே அடிப்பகுதியில் நின்றன. நஞ்சு பழையது, மேலாடையே புதியது! அதனாலன்றோ உடலின் காவல் ஏமாந்தது?

இவ்வறிவு வீண்போகவில்லை. 2009ஆம் ஆண்டில் இந்தியாவில் ஒப்புதல் பெற்ற வாய்வழித் தடுப்பு மருந்தில் இருவகைக் கிருமிகளும் கொல்லப்பட்ட நிலையில் சேர்க்கப்பட்டன. புதிய வகை பின்னர் அருகிப் போயிற்று. பழைய வகையோ இன்றும் உலகின் பல நாடுகளில் உயிர்களைக் கவர்கின்றது. ஆதலின், நீரைக் காய்ச்சிப் பருகுதலும் உண்ணுமுன் கைகழுவுதலும் என்றும் கைவிடத் தகாதன. கிருமி எவ்வாடை உடுத்து வரினும் கொதிநீரில் பிழையாது.