17.5 கோடி நியாயமா? அனலிஸ்ட் ஆக விரும்புகிறவர்களுக்கு

கிரிக்கெட் அணியில் அனலிஸ்ட் வேலைக்கு முயற்சி செய்கிறீர்களா? ஐபிஎல் அணியான ராயல் சேலஞ்சர்ஸ் பெங்களூரு, கேமரன் கிரீனை இன்னொரு அணியிடமிருந்து வாங்கிய டிரேடை ஒரு பக்கத்தில் அலசி எழுதி, பயோடேட்டாவோடு இணையுங்கள்.

2023 நவம்பரில் மும்பை இந்தியன்ஸிடமிருந்து கிரீன் பெங்களூருவுக்கு வந்தார். பதிலுக்கு வீரர் யாரும் போகவில்லை, அவருடைய 17.5 கோடி ரூபாய் சம்பளம் அப்படியே இந்த அணியின் கணக்கில் ஏறியது. ஹார்திக் பாண்டியாவைக் குஜராத்திடமிருந்து 15 கோடிக்குத் திரும்பக் கொண்டுவர மும்பைக்குப் பர்ஸில் இடம் வேண்டியிருந்தது. ஓர் அணி வீரர்களின் சம்பளத்தை மொத்தம் 100 கோடிக்குள் முடிக்க வேண்டிய சீசன் அது.

பலர் நேராக ரன், விக்கெட் கணக்குக்குப் போய்விடுகிறார்கள். அதற்கு முன், அந்தப் பணத்துக்கு வேறு யார் கிடைத்திருப்பார்கள் என்று பாருங்கள். அதே நாட்களில் பெங்களூரு மூன்று பந்துவீச்சாளர்களை விடுவித்தது: ஹர்ஷல் படேலும் ஹசரங்காவும் தலா 10.75 கோடி, ஹேசல்வுட் 7.75 கோடி. பிறகு ஏலத்தில் அல்சாரி ஜோசப்பை 11.5 கோடிக்கு எடுத்தது. கிரீன், ஜோசப் இருவருக்கும் 29 கோடி. விடுவித்த மூவரின் சம்பளம் 29.25 கோடி. இந்த இரண்டு தொகைகளையும் அருகருகே எழுதினால், மூன்று பந்துவீச்சாளர்களின் பணம்தான் இந்த இருவருக்கும் போனது என்பது விளங்கிவிடும்.

அடுத்தது காலம். அணிகள் பெரும்பாலான வீரர்களை விடுவிக்கும் மெகா ஏலம் ஓராண்டில் வரப்போகிறது என்பது அன்றே தெரியும். ஆக, அந்த விலை கிட்டத்தட்ட ஒரே சீசனுக்கு. ஓர் ஆட்டத்தில் வெளிநாட்டு வீரர் இடங்களும் நான்குதான். டுபிளெசி, மேக்ஸ்வெல், கிரீன், வெளிநாட்டுப் பந்துவீச்சாளர் ஒருவர் என்று நிரம்பியதால் 3.2 கோடி சம்பள வில் ஜாக்ஸ் முதல் ஐந்து ஆட்டங்கள் வெளியே இருந்தார்.

முடிவு தெரிந்தபின் தீர்ப்பு எழுதாதீர்கள். பஞ்சாபுக்குப் போன ஹர்ஷல் 24 விக்கெட்டுடன், அதிக விக்கெட் எடுத்தவருக்கான ஊதாத் தொப்பியை வாங்கினார். பெங்களூருவின் சொந்த மைதானமான சின்னசாமியில் ஐதராபாத் 287 ரன் அடித்தது. இரண்டும் 2024இல் நடந்தவை. 2023 நவம்பரில் தெரிந்தது வேறு: கிரீன் முந்தைய சீசனில் 452 ரன் எடுத்த ஆல்ரவுண்டர், சின்னசாமி சிறிய மைதானம், பெங்களூருவின் பழைய குறை பந்துவீச்சு. அந்தத் தகவலை மட்டும் வைத்தே சொல்கிறேன்: கிரீனுக்கு 17.5 கோடி அதிகமில்லை. ஆனால் பந்துவீச்சைக் கலைத்துவிட்டு அதைச் செலவழித்தது தவறு.

உங்கள் முடிவு வேறாக இருக்கலாம், காரணம் இருந்தால் போதும். 2025 டிசம்பர் ஏலத்தில் இதே கிரீனைக் கொல்கத்தா 25.2 கோடிக்கு வாங்கியது. அணியின் வரம்பு அப்போது 125 கோடி. அந்தக் கணக்கை இந்த வாரமே போட்டுப் பாருங்கள்.